வயர்லெஸ் ஹைஃபை ஸ்பீக்கரில் போன், ரீவி, சீடி பிளேயரை இணைப்பது எப்படி?

போன பொங்கலுக்கு அப்பாவுக்காக ஒரு சோடி வயர்லெஸ் ஹைஃபை ஸ்பீக்கர் வாங்கினோம். அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் கருவி) தனியாகத் தேவையில்லை. அம்பும், டிஜிட்டல் சிக்னலைச் சத்தமாக மாற்றும் சிப்பும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. போனை இணைக்கப் பத்து நிமிடம்தான் போனது. ரீவிக்கு மூன்று நாள் மினக்கெட்டேன். அந்த மூன்று நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. போன்

ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுத்து, அதற்குரிய ஆப்பைப் போனில் இறக்கி, அது சொல்கிறபடி வீட்டு வைஃபையில் சேர்த்துவிடுங்கள். ஆப் ஸ்பீக்கரைக் காணவில்லை என்று நின்றால், போன் எந்த வைஃபையில் நிற்கிறது என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனை, மற்ற வைஃபையில் இருக்கும் கருவிகளோடு ரவுட்டர் பேச விடாது.

சேர்ந்த பிறகு, வைஃபை வழியாகப் பாட்டை அனுப்பும் ஏர்பிளே (அப்பிளுடையது), குரோம்காஸ்ட் (கூகுளுடையது) இரண்டில் எது உங்கள் போனுக்குப் பொருந்துகிறதோ அதைப் பாவியுங்கள். குரோம்காஸ்டில் ஒரு வசதி உண்டு: பாட்டை ஸ்பீக்கரே நேரடியாக இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். போனில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது.

புளூடூத்தை நான் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். சீடியில் ஒரு செக்கனுக்கு 1,411 கிலோபிட் ஒலித் தகவல் இருக்கிறது. எல்லாப் புளூடூத் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில், நல்ல தரத்திலேயே அது 328 கிலோபிட் அளவுக்குச் சுருங்கிவிடும். நாதஸ்வரம் தவில் பதிவு ஒன்றை இரண்டு வழியிலும் போட்டுக் கேளுங்கள். தவிலின் வலந்தலை அடி புளூடூத்தில் கொஞ்சம் மழுங்கித்தான் விழுகிறது.

2. ரீவி (இங்கேதான் கவனம்)

ரீவியின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை ஒன்றின் பக்கத்தில் ஏஆர்சி (ARC, ரீவியின் சத்தத்தை அந்தத் துளை வழியாக வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதியிருந்தால், அதிலிருந்து ஸ்பீக்கரின் ஏஆர்சி துளைக்கு ஒரு எச்டிஎம்ஐ வயர் போதும். ரீவி செட்டிங்கில் சிஇசியை (CEC, எச்டிஎம்ஐயில் இணைத்த கருவிகளை ஒரே ரிமோட்டால் இயக்கும் வசதி) ஓன் பண்ணினால் ரீவி ரிமோட்டாலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால் நான் ஒப்டிகல் வயரைத்தான் விரும்புவேன். எங்கள் ரீவிக்கு டிஷ் வயரும் வருகிறது. எச்டிஎம்ஐ மாட்டியதும் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது, டிஷ் வயரைக் கழற்றினால் நின்றது. ஒப்டிகல் வயரில் போவது வெறும் ஒளி. ஒரு கருவியின் கரண்ட் அதன் வழியாக மற்றதற்குப் போகாது. மாற்றியதும் இரைச்சல் அடியோடு போய்விட்டது.

ஒப்டிகல் வயரின் இரண்டு முனையிலும் கண்ணாடிபோலச் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றுங்கள். முனை சதுரமாக இருந்தாலும் இரண்டு மூலைகள் வெட்டப்பட்டிருக்கும், அதைப் பார்த்து ஒரு முனையை ரீவியின் ஒப்டிகல் துளையில் செருகினால் 'டக்' என்று உட்காரும். ரீவியை ஓன் பண்ணினால் மறுமுனையில் சிவப்பு ஒளி தெரியும். பிறகு அந்த முனையை ஸ்பீக்கரில் செருகி, ஸ்பீக்கரை ஒப்டிகலுக்கு மாற்றுங்கள்.

எனக்கு இவ்வளவும் சரியாக இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. "லைட் எரியுது மகன், சத்தம் எங்க?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். வயர் பழுது என்று நினைத்துக் கல்முனைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தேன். அதிலும் இல்லை.

காரணம் வயரில் இல்லை. ரீவி டொல்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவில் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்பீக்கர் மட்டும் கொண்ட இப்படியான செட்டுகளில் பல, பீசிஎம் என்ற சாதாரண வடிவத்தை மட்டும்தான் புரிந்துகொள்ளும். ரீவியில் செட்டிங், சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட் என்று உள்ளே போங்கள். அங்கே ஓட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று இருப்பதைப் பீசிஎம் என்று மாற்றுங்கள். நான் மாற்றிய அந்தக் கணமே செய்தி வாசிப்பவரின் குரல் ஹோல் முழுக்க நிறைந்தது. அப்பா கதிரையை விட்டு எழுந்தே விட்டார்.

வாயசைவும் சத்தமும் பொருந்தாவிட்டால் அதே பக்கத்தில் ஓடியோ டிலே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள்.

3. சீடி பிளேயர்

பழைய பிளேயரிலும் ஒப்டிகல் துளை இருக்கக்கூடும், பின்னால் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒற்றைத் துளை இருந்தால் அது கோஎக்சியல், அதுவும் டிஜிட்டல்தான். சிவப்பு வெள்ளைத் துளைகளைப் போலவே இருப்பதால் அதை ஸ்பீக்கரின் ஓக்ஸில் (டிஜிட்டல் அல்லாத சாதாரண ஒலிக்கான துளை) செருகிவிடாதீர்கள், பாட்டு வராது. கோஎக்சியலிலிருந்து கோஎக்சியலுக்குத்தான் போகவேண்டும். சிவப்பு வெள்ளை மட்டும் இருந்தால் ஓக்ஸில் கொடுங்கள். அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

பின்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், ரீவியைப் பீசிஎம்முக்கு மாற்றியும் சில சானல்களில் மட்டும் சத்தம் இல்லை என்று எழுதியிருந்தார். அவருடைய டிஷ் பொக்ஸ் தன் பங்குக்கு டொல்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சில ரீவிகள் அதை அப்படியே கடத்திவிடும். பொக்ஸின் ஓடியோ செட்டிங்கிலும் பீசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று வைத்தபின் சரியாகிவிட்டதாம்.

பின்சேர்க்கை 2: ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு ஒப்டிகல் வயர் போட்டிருந்தால் போதுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். போதாது. ஒப்டிகல் வழியாக மின்னல் வராது, ஆனால் ஸ்பீக்கரின் பிளக் வழியாக வரும். வானம் இருட்டத் தொடங்கியதுமே ஸ்பீக்கர், ரீவி, ரவுட்டர் மூன்றின் பிளக்கையும் கழற்றி, டிஷ் வயரையும் பிடுங்கிவிடுங்கள். கல்லடி, காத்தான்குடி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: ஒன்றும் மாட்டாத ஒப்டிகல் துளைக்கு, வயரோடு வந்த மாதிரி ஒரு மூடி போட்டு வையுங்கள். உப்புக்காற்றும் மணல்தூசியும் உள்ளே போகாது.