மொனாக்குலரில் பஸ் எண் படிக்கப் பழகுவது எப்படி?

என் அம்மாவுக்கு விழித்திரையின் மையப்பகுதி பழுது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பஸ் எண் படிக்கவும், உம்கேனி ரோடு கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றே தீபாராதனை பார்க்கவும் அவருக்கு மொனாக்குலர், அதாவது ஒற்றைக்கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கிக் குழாய், பழக்கினேன். அதன் செய்முறை இது.

படி 1: வாங்குவது

குழாயின் மேல் 4×12 என்று போட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 6/60 பார்வை உள்ளவர், அதாவது மற்றவர் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிப்பவர், நான்கு மடங்கில் கண் சோதனைப் பலகையின் ஏறத்தாழ 6/15 வரிசையைப் படிக்கலாம். 8×20 இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடவே பெருகும், தெரியும் வட்டமும் சுருங்கும். ஜூம் வைத்த மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்தப் பட்டகம் (prism) வைத்த கெப்ளர் வகை சற்று நீளம்தான். ஆனாலும் ஓரம்வரை தெளிவு என்பதால் என் ஓட்டு அதற்கே.

படி 2: பிடிப்பது

நன்றாகத் தெரியும் கண். அதே பக்கத்துக் கை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கண்பக்க வளையத்தைச் சுற்றிப் பிடிக்க, மற்ற விரல்கள் புருவத்தில் அழுந்தட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: இலக்கைப் பிடிப்பது

எல்லோரும் திணறுவது இங்கேதான். குழாயைக் கண்ணில் வைத்தபின் பொருளைத் தேடினால் வானமும் சுவரும்தான் ஓடும். முதலில் வெறுங்கண்ணால் பொருள் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்புங்கள். தலையை அசைக்காமல் குழாயைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குழாயைத் தேடித் தலை போகக்கூடாது. அம்மாவைப் போல மையப்பார்வை குறைந்தவர்கள், வெறுங்கண்ணால் எந்த ஓரத்தால் பார்ப்பார்களோ அதே ஓரத்தால்தான் குழாய்க்குள்ளும் பார்க்க வேண்டும்.

அப்படியும் கிடைக்கவில்லையா? கோடு பிடித்துப் போங்கள். தெருப்பலகை என்றால் கம்பத்தின் அடியைப் பிடித்து மேலே ஏறுங்கள். பலகை தானாக வரும். வீட்டில் மூன்று மீட்டர் தள்ளிக் கோயில் காலண்டரை மாட்டி உட்கார்ந்தபடி பழகிவிட்டுத் தெருவுக்குப் போவது நல்லது.

படி 4: ஃபோகஸ்

கிட்டே இருப்பதற்குக் குழாய் நீளும், தூரத்துக்குக் குறுகும். பஸ் வந்தபின் திருக ஆரம்பித்தால் பஸ் போய்விடும். அது வரும் தூரத்தில் நிற்கும் ஏதாவதொரு பலகையில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருங்கள். பஸ் தெரிந்ததும், ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடிக்கு மேலே எண்ணைப் பாருங்கள். கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் ஸ்கோர் பலகை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை; அது ஓடாது.

குழாயைக் கண்ணில் வைத்தபடி நடக்காதீர்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

பின்சேர்க்கை: மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வெறும் கிட்டப்பார்வை என்றால் கழற்றலாம், பெரும்பாலும் ஃபோகஸே சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் (astigmatism-க்கான பவர்) இருந்தால் கழற்றாமல், குழாயின் கண்பக்க ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொருவரின் மாமாவுக்குப் பார்வைப்புலம் சுரங்கம்போல் குறுகிவிட்டதாம். உருப்பெருக்கினால் அந்தச் சிறு வட்டத்துக்குள் இன்னும் குறைவாகத்தான் அடங்கும். வாங்குமுன் குறைபார்வை நிபுணரிடம் சோதித்துக்கொள்ளட்டும்.

டர்பன் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.