வெட்டிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்: ஒன்றுபோல் தெரியும் பழங்களைத் தாவரவியல் முறையில் பிரித்தறிவது எப்படி?

கடைகளில் 'சிவப்பு பேரீச்சை' என்று பொட்டலம் போட்டு விற்பது பேரீச்சையே அல்ல, சீன இலந்தை. பேக்கரி கேக்கின் உச்சியில் இருக்கும் 'செர்ரி' பல இடங்களில் சர்க்கரைப்பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய். கண்ணும் நாக்கும் இப்படி ஏமாறுவதால்தான் தாவரவியலார் நிறம், ருசி, அளவு மூன்றையும் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பழத்தின் ஒவ்வொரு பகுதியும் பூவின் எந்த உறுப்பிலிருந்து வந்தது?

கனி என்பது முற்றிய சூற்பை, அதாவது பூவுக்குள் விதையாகப்போகும் சூல்களை வைத்திருக்கும் பை. சூற்பையின் சுவர் கனித்தோலாகவும் அதற்குள் இருந்த சூல்கள் விதைகளாகவும் மாறுகின்றன. கனித்தோலில் மூன்று அடுக்கு: வெளியே புறக்கனித்தோல், நடுவே இடைக்கனித்தோல், விதையை ஒட்டி உட்கனித்தோல். மாம்பழத்தில் நாம் உரிக்கும் தோல் முதலாவது, சதை இரண்டாவது, கொட்டையின் கடினமான ஓடு மூன்றாவது. ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்புதான் விதை.

தேவையானவை

பற்கள் இல்லாத மெல்லிய கத்தி, சவர பிளேடு, குண்டூசி, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத் தட்டு. ஒவ்வொரு பழத்திலும் குறைந்தது மூன்று வேண்டும்: ஒன்றைக் காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் வெட்ட, ஒன்றை நடுவில் குறுக்காக வெட்ட, மூன்றாவது ஒரு பிஞ்சு. பிஞ்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. பழுத்த பிறகு விதைகள் இருக்கும் அறைகளின் சுவர்கள் கூழாகிவிடும், ஓடோ கத்தி இறங்காத அளவுக்கு இறுகிவிடும். மாவடுவில் அந்த ஓடு இன்னும் மரமாகவில்லை. பிளேடு சுலபமாக இறங்கும், மூன்று அடுக்கும் நடுவிலிருக்கும் ஒற்றை விதையும் ஒரே வெட்டில் தெரியும். பலா, களா போன்ற பால் வடியும் காய்களுக்குக் கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

முதலில் புல்லியைத் தேடுங்கள்

வெட்டுவதற்கு முன் பழத்தின் இரு முனைகளையும் லென்ஸில் பாருங்கள். பூவின் புல்லி இதழ்கள் காய்ந்தோ, வளையமாகவோ எங்கே ஒட்டியிருக்கின்றன? காம்புப் பக்கம் இருந்தால் சூற்பை மேல்மட்டம், அதாவது பூவின் மற்ற உறுப்புகளுக்கு மேலே அமைந்தது. தக்காளியும் கத்தரியும் இப்படி. காம்புக்கு எதிர் முனையில் இருந்தால் கீழ்மட்டம். கொய்யாவின் நுனியும் மாதுளையின் கிரீடமும் இதற்குச் சாட்சி.

கருத்துக் கனிந்த களாவையும் சிறிய நாவல் பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தச் சோதனையின் பலன் புரியும். நாவலின் நுனியில் வட்டமான சிறு பள்ளம், அதைச் சுற்றிப் புல்லியின் விளிம்பு. களாவின் நுனியில் அப்படி எதுவும் இல்லை. காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். கத்தியே எடுக்காமல் முடிந்தது.

சந்தையில் பச்சையாக, உருண்டையாக இருக்கும் மூன்றுக்கும் இதே வழிதான். கொய்யாவுக்கும் பச்சை ஆப்பிளுக்கும் புல்லி நுனியில் இருக்கும், ஆப்பிள் இலந்தைக்கு இராது. அடுத்து ஒரு குறுக்கு வெட்டு போதும். ஆப்பிளில் நட்சத்திரம் போல ஐந்து அறைகள், அவற்றின் சுவர் காகிதத் தகடு மாதிரி. அதைச் சுற்றிச் சதையில் பத்து மங்கலான புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு வெளியே நாம் தின்னும் சதை சூற்பையிலிருந்து வந்ததல்ல, பூவின் அடிக்குழாயிலிருந்து வந்தது. கொய்யாவில் சதைக்குள் நிறைய விதைகள், இலந்தையில் நடுவே ஒற்றைக் கொட்டை.

புல்லி ஏமாற்றும் இடங்களும் உண்டு. முந்திரிப்பழம் பருத்த காம்புதான், கீழே தொங்கும் கொட்டைதான் கனி. ஸ்ட்ராபெரியில் சதை முழுவதும் பூத்தளம், அதாவது பூவின் உறுப்புகள் உட்கார்ந்திருந்த காம்பு நுனி. மேலே ஒட்டியிருக்கும் 'விதை' ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனி.

கடினமானது ஓடா, விதையா?

இதுதான் அதிகம் குழப்புவது, நிதானமாகச் செய்ய வேண்டியதும் இதுவே. பேரீச்சையையும் சீன இலந்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் இரண்டும் செம்பழுப்பு, இரண்டிலும் சுருக்கம், இரண்டிலும் ஒரு கொட்டை.

வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துச் சதையை நீளவாக்கில் கீறித் திறங்கள். பேரீச்சையில் சதைக்கும் கொட்டைக்கும் நடுவே வெங்காயச் சருகு போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். குண்டூசியால் கிழிபடாமல் தூக்கிப் பாருங்கள். அந்தச் சவ்வுதான் உட்கனித்தோல். அப்படியானால் உள்ளே இருக்கும் கொட்டை? அது விதையேதான். ஒரு பக்கம் நீளமான பள்ளக்கோடு, எதிர்ப்பக்கம் நடுவில் ஒரு சிறு வட்டத் தழும்பு. கருமுளை அந்தத் தழும்புக்கு உள்ளே இருக்கிறது. கொட்டையைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தால் உள்ளே அறை கிடையாது, முழுக்க எலும்பு போன்ற ஒரே திடப்பொருள். ஆகவே பேரீச்சை ஒற்றை விதை கொண்ட, உள்ளே ஓடில்லாத சதைக்கனி. உள்ளே ஓடில்லாத சதைக்கனிக்குத்தான் பெர்ரி என்று பெயர்.

சீன இலந்தையில் அந்தச் சவ்வு இருக்காது. சதை நேராக, இரு முனையும் கூர்மையான சொரசொரப்பான கொட்டையில் ஒட்டியிருக்கும். அதை உடைத்தால் உள்ளே வெற்றிடம், அதில் தட்டையான பழுப்பு விதை. உட்கனித்தோலே ஓடாக இறுகியிருப்பதால் இது உள்ளோட்டுச் சதைக்கனி, அதாவது ட்ரூப். பயிரிடும் ரகங்களில் விதை வளராமல் ஓட்டுக்குள் வெறும் அறை மட்டும் இருப்பதும் உண்டு. அதைப் பார்த்து விதையில்லாப் பழம் என்று குழம்ப வேண்டாம், ஓடு இருப்பதே போதுமான சான்று.

விதை எண்ணிக்கையை நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம். ஒரு விதை இருந்தால் ட்ரூப், பல இருந்தால் பெர்ரி என்று மனப்பாடம் செய்தவர்கள் பேரீச்சையிலும் நாவலிலும் அவகாடோவிலும் வழுக்கி விழுவார்கள். நுங்கில் மூன்று கண் இருந்தாலும் பனம்பழம் ட்ரூப்தான், ஒவ்வொரு விதைக்கும் தனித்தனி ஓடு. தேங்காயில் விதை ஒன்றே. சூற்பையை உண்டாக்கும் பகுதிகளான மூன்று சூலிலைகளில் இரண்டு வளராமல் நின்றுவிட்டதைச் சிரட்டையின் மூன்று கண்கள் காட்டிக்கொடுக்கும்.

பேக்கரி செர்ரிக்கும் இதே சோதனை. பாகைக் கழுவிவிட்டுக் குறுக்காக வெட்டுங்கள். அசல் செர்ரி ட்ரூப், நடுவே ஒற்றை உருண்டைக் கொட்டையோ அது இருந்த ஒற்றைக் குழியோ இருக்கும். களா பெர்ரி, அதில் ஓடே கிடையாது, தட்டையான சிறு விதைகள்தான். விதைகளை நீக்கியபோது தப்பிய ஒன்று கிடைத்தாலே போதும்.

ஒரு பூவா, பல பூக்களா?

முசுக்கொட்டைப் பழமும் மலைப்பகுதி வேலிகளில் விளையும் கறுப்பு ராஸ்பெரியும் கண்ணுக்கு ஒன்றே: சிறு மணிகள் கோத்த கருநீல உருண்டை. காம்புப் பக்கம் லென்ஸை வையுங்கள். ராஸ்பெரியின் அடியில் ஐந்து புல்லிகள் விரிந்திருக்கும். மொத்தப் பழமும் ஒரே பூவின் பல சூற்பைகள் என்று அர்த்தம், இது திரள்கனி. முசுக்கொட்டையின் அடியில் புல்லி கிடையாது. ஒரு மணியை மட்டும் ஊசியால் பிரித்தெடுங்கள். அதை நான்கு சதைப்பற்றான பூவிதழ்கள் மூடியிருக்கும், உச்சியில் கரிந்த இரட்டைச் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு தனிப்பூ, ஆகவே இது கூட்டுக்கனி. நன்றாகப் பழுத்ததில் சூல்முடி உதிர்ந்துவிடும். பாதி சிவந்த பழமே இதற்குத் தோது.

முள்சீத்தாவுக்கும் சிறு பலாவுக்கும் இதே வேறுபாடுதான், ஆனால் பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு காண்பது கடினம். இரண்டிலும் வெளியே முள், நடுவே தண்டு. முள்சீத்தாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரே பூவில் குவிந்திருந்த சூற்பைகளில் ஒன்று. பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. பலாச்சுளையைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றி வழவழப்பான ஒரு பை வரும்; சூற்பையிலிருந்து உண்டான அசல் கனி அந்தப் பைதான். நாம் தின்னும் மஞ்சள் சதை பூவிதழ். சுளைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் சடை கருவுறாமல் போன பூக்கள்.

அறைகளை எண்ணும்போது

வில்வமும் விளாவும் கடின ஓட்டு உருண்டைகள். முற்றாத காயை ரம்பத்தால் சரியாக நடுவில் குறுக்கே அறுங்கள். ஓரத்தில் அறுத்தால் அறைகள் குறைவாகத் தெரிந்து கணக்கு தப்பும். வில்வத்தில் மையத்தைச் சுற்றி எட்டுக்கு மேற்பட்ட முக்கோண அறைகள், விதைகளைச் சுற்றிப் பிசின். விளாவில் ஒரே அறை, விதைகள் சுவரிலிருந்து கிளம்பிச் சதையில் புதைந்திருக்கும்.

இங்கே பெயர்ச் சிக்கலும் வரும். ஜெர்மானியரான யோசப் கேர்ட்னர் 1788இல் கனிகளையும் விதைகளையும் பற்றிய பெருநூலை வெளியிடத் தொடங்கிய காலத்திலிருந்து வகைப்பெயர்கள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. வில்வத்தை ஒருவர் பெர்ரி என்பார், இன்னொருவர் ஆம்ஃபிசார்கா (வெளி ஓடு கடினமான சதைக்கனி) என்பார். பரீட்சைக்குப் படிப்பவர் தம் பாடநூல் சொல்வதை எழுதட்டும். மற்றவர்கள் சூற்பை மேலா கீழா, எத்தனை அறை, கடினமானது எது, பூ ஒன்றா பலவா என்று முதலில் எழுதிவைத்துவிட்டு அதற்குப் பிறகு பெயரைத் தேடுவது நல்லது.

கனி வகை தெரிந்ததும் குடும்பமும் தெரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆப்பிள், செர்ரி, ஸ்ட்ராபெரி மூன்றும் ரோஜாக் குடும்பம், மூன்றுக்கும் மூன்று வகைக் கனி. செடியின் பெயரே வேண்டுமென்றால் இலையும் பூவும் உள்ள கிளை ஒன்று கட்டாயம் வேண்டும். வில்வ இலையில் மூன்று சிற்றிலை, விளாவில் ஐந்து முதல் ஏழு. இரண்டிலும் முள் இருப்பதால் பறிக்கும்போது கை பத்திரம்.