குளுக்கோஸிலிருந்து சோடியம் பேட்டரிக்கான கார்பன்: ஆய்வகத்தில் முதல் செல் செய்வது எப்படி

லித்தியம் பேட்டரியின் ஆனோடில் (சார்ஜ் ஏறும்போது அயனிகளை வாங்கிக்கொள்ளும் முனையில்) கிராஃபைட் பார்க்கும் வேலையைச் சோடியம் பேட்டரியில் அதனால் பார்க்க முடியாது, சோடியம் அயனி அதன் அடுக்குகளுக்குள் சரியாகத் தங்குவதில்லை. அடுக்குகள் ஒழுங்கற்றுக் கிடக்கும் ஹார்ட் கார்பன்தான் இதற்குத் தேவை. 2000-ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸும் டானும் குளுக்கோஸிலிருந்து செய்த ஹார்ட் கார்பன் கிராமுக்குச் சுமார் 300 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு தந்தது. புதிதாக வருபவர் இதில் தொடங்குவது நல்லது.

படி 1: குளுக்கோஸை 180 டிகிரியில் வைத்து நீரை வெளியேற்றுங்கள். கருத்து, நுரைத்துப் பொங்கும், அதனால் பெரிய பாத்திரம் வேண்டும். ஆறியதும் அரைத்து, குழாய் உலையில் ஆர்கான் ஓட விட்டு 1000 முதல் 1300 டிகிரி வரை சூடாக்குங்கள். காற்று புகுந்தால் கார்பன் எரிந்துபோகும்.

படி 2: கார்பன் 80, கடத்தும் கார்பன் கருமை 10, இவற்றைத் தாளோடு ஒட்டவைக்கும் பைண்டர் 10 என்ற எடை விகிதத்தில் குழைத்து அலுமினியத் தாளில் பூசுங்கள். லித்தியம் என்றால் ஆனோடுக்குச் செம்புத் தாள் வேண்டியிருக்கும். சோடியம் அலுமினியத்தோடு கலப்பதில்லை, செலவு குறைய இதுவும் ஒரு காரணம். பிறகு வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள்.

படி 3: எடை போடுவது. இதில்தான் நிறைய முடிவுகள் கெட்டுப்போகின்றன. பூசிய தாளில் வெட்டிய 12 மில்லிமீட்டர் வட்டம் 7.1 மில்லிகிராம், வெறும் தாள் 4.6 என்றால் பூச்சு 2.5, அதில் கார்பன் 2 மில்லிகிராம்தான். பூச்சின் எடையில் 0.2 தவறினால் கொள்ளளவு 8 சதவீதம் தவறிவிடும், நீங்கள் கொண்டாடும் முன்னேற்றமே அவ்வளவாகத்தான் இருக்கலாம்! வெறும் தாளிலும் பல வட்டங்கள் வெட்டிச் சராசரி எடுங்கள்.

படி 4: ஆர்கான் நிரம்பிய குளோவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) சோடியம் உலோகத்தைக் கார்பனுக்கு எதிரே இருக்கும் முனையாக வைத்து, இரண்டுக்கும் நடுவே வரும் கண்ணாடி இழைப் பிரிப்பானை, அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டில் நனைத்து, நாணய வடிவக் காயின் செல்லை மூடுங்கள். சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். ஒரே மாதிரி மூன்று செல்களாவது செய்யுங்கள்.

படி 5: 0.01 முதல் 2 வோல்ட் வரை செல்லை மெதுவாகச் சார்ஜ் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கொள்ளளவை மட்டும் பார்க்காமல், முதல் சுற்றில் உள்ளே போன சோடியத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பாருங்கள். எதிரே சோடியம் உலோகம் தேவைக்கு அதிகமாக இருப்பதால் இழப்பு வெளியே தெரியாது, செல் நலமாக இருப்பதுபோலவே ஓடும். சோடியம் உலோகத்துக்குப் பதில் கேத்தோடு (நேர்முனை) இருக்கும் முழு பேட்டரியில் அந்த உபரி கிடையாது: சுற்றுக்கு 99.9 சதவீதம் திரும்பினாலும் 500 சுற்றில் சுமார் 61 சதவீதச் சோடியம்தான் மிஞ்சும். அதனால் முதல் சுற்றில் திரும்பி வந்த அளவு சரியில்லை என்றால் கேத்தோடைத் தேடிப் போகாமல், உலையின் வெப்பநிலையை மாற்றி முதல் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.