"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி"

முக்கூடலில் ஆற்றங்கரைப் பக்கம் காலையில் ஓர் உடற்பயிற்சிக் குழு நடத்துகிறேன். 30 பேரோடு தொடங்கியது, நாலே மாதத்தில் 11 ஆகிவிட்டது.

தினமும் முடிவில் "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். மறுவாரம் இரண்டு பேர் வரமாட்டார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் ஊரில் மரியாதையில்லை. அந்த மரியாதையை நான் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி என்று, பெயர் எழுதாத துண்டுச்சீட்டு கொடுத்தேன். கேள்வியையும் மாற்றினேன்: "எந்தப் பயிற்சி கஷ்டமாக இருக்கிறது? எந்த நேரம் தோதுப்படும்?" எழுதத் தயங்கியவர்களிடம் என் மனைவி பேசினாள். நின்றுபோனவர்கள் வீட்டுக்கும் போனோம். உண்மை அங்கேதான் கிடைத்தது.

அவர்களில் பலர் பீடி சுற்றும் பெண்கள். மடியில் தட்டை வைத்து நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர்களுக்குக் கழுத்தும் தோளும்தான் வலி. நான் கொடுத்ததோ ஓட்டமும் தோப்புக்கரணமும். ஓர் ஆச்சி, "முட்டி தாங்கலய்யா, சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். மனசு கேட்கவில்லை.

இப்போது கழுத்து, தோளில் தொடங்குகிறோம். முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார்கள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ஒரு மணி நேரத்தை விட்டு, 5 நாள், 30 நிமிடம். தண்ணீர் பிடிக்கும் நேரம் இடிப்பவர்களுக்கு மாலையிலும் உண்டு.

மாற்றியதையும் மாற்ற முடியாததையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அப்புறம்தான் சீட்டுகள் நிறைய வந்தன. ஆச்சி பக்கத்து வீட்டு மதினியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.