அயோவாவுக்கு முன்னால் எங்கே இருந்தார்கள்? அமெரிக்க விவசாயக் குடும்பத்தின் தடம் பிடிக்கும் வழி

என் மருமகளின் அப்பா வழியில் எல்லாரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயிகள். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டால் "கிழக்கே எங்கேயோ" என்பதோடு கதை நின்றுவிடும். பேரன் கேட்டானே என்று நான் தேட உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் செய்த தப்பு, குடும்பப் பெயரைத் தேடுபெட்டியில் போட்டு யாரோ இணையத்தில் வரைந்து வைத்திருந்த வம்சமரத்தை அப்படியே நம்பியது. மூன்று வாரம் வேறு யாருடைய பாட்டனையோ துரத்திக்கொண்டிருந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறுதியாகத் தெரிந்த கடைசி ஆளிடமிருந்து பின்னோக்கிப் போங்கள், பழைய காலத்திலிருந்து முன்னோக்கி வராதீர்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பழைய தாள்களின் படங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்கு தொடங்கி இலவசமாகவே பார்க்கலாம். 1880 தாளிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, ஏனென்றால் அதில்தான் முதன்முறையாக ஒவ்வொருவரும் குடும்பத்தலைவருக்கு என்ன உறவு, அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கே பிறந்தார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். அப்புறம் 1870, 1860, 1850 என்று இறங்குங்கள்.

இப்போது ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளைகளை வயது வரிசைப்படி எழுதி, பக்கத்தில் பிறந்த மாநிலத்தையும் எழுதுங்கள். மூத்தவள் பதினாலு வயது, ஒஹாயோ. அடுத்தவன் பதினொன்று, அவனும் ஒஹாயோ. எட்டு வயதுக்காரன் இந்தியானா. மூன்று வயதுக் குட்டி அயோவா. அவ்வளவுதான், வண்டி போன பாதை வந்துவிட்டது. அயோவாவுக்கு வந்தது கடைசி இரண்டு பிள்ளைகளுக்கு நடுவிலுள்ள ஐந்து வருடத்துக்குள் என்பதும் தெரிந்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1850 முதல் 1870 வரையான தாள்களில் உறவு முறை எழுதியிருக்காது. தலைவருக்குக் கீழே இருக்கும் பெண் இரண்டாம் தாரமாக இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம். வயது இரண்டு மூன்று முன்பின் இருக்கும். பெயரையோ கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஷ்மிட் என்ற ஜெர்மானியர் அடுத்த தாளில் ஸ்மித் ஆகியிருப்பார்.

1890 தாள்களைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயில் சேதமாகி, பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டன. 1880க்கும் 1900க்கும் நடுவில் விழும் அந்த இருபது வருட ஓட்டையை மாநிலங்கள் தாமாக எடுத்த கணக்குகளை வைத்துத்தான் அடைக்க வேண்டும். கான்சாஸின் 1885 கணக்கில் எங்கிருந்து கான்சாஸுக்கு வந்தார்கள் என்றே ஒரு கட்டம் இருக்கிறது. இன்னும் முந்தைய காலத்துக்கும் இவை உதவும்: அயோவாவின் 1856 கணக்கில் மாநிலத்துக்கு வந்து எத்தனை வருடம் என்றிருக்கும், நியூயார்க்கின் 1855 கணக்கில் பிறந்த கவுண்டியே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும். இவற்றைப் பலரும் பார்ப்பதில்லை, எனக்கு இவைதான் அதிகம் கைகொடுத்தன.

1850க்கு முன்னால் போனால் சிரமம். குடும்பத்தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கோ 1850, 1860இல்கூடப் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை, உரிமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும்தான்.

சரி, இங்கேதான் நிலப் பத்திரங்கள் வருகின்றன. அரசு முதன்முதலில் ஒருவருக்கு நிலம் எழுதிக்கொடுத்த பத்திரத்தை, நம் ஊர்ப் பட்டா போல வைத்துக்கொள்ளுங்களேன், மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசில்லை. ஆனால் நியூயார்க், பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி, டெக்சாஸ் போன்ற இடங்களில் நிலத்தைக் கொடுத்தது மத்திய அரசு இல்லை, அதனால் அந்த இடங்களுக்கு இந்தத் தளத்தில் தேடிப் பயனில்லை.

குடியேறிப் பயிர் செய்பவருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் எடுத்தவர் என்றால் உங்களுக்கு யோகம். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ததைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டியிருந்ததால், என்றைக்குக் குடி வந்தார், வீடு எவ்வளவு பெரியது, எத்தனை ஏக்கர் உழுதார் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் கிடக்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளும் உள்ளே இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதி நகல் வாங்கலாம். ஐந்து வருடம் தாங்காமல் விட்டுப் போனவர்களின் கோப்புகளும் உண்டு, அவை மற்றதைவிடச் சுவாரசியமானவை. ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்று ரொக்கத்துக்கு வாங்கியவர் கோப்பில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது கவுண்டி பத்திரப்பதிவு. வாங்கிய பத்திரம், விற்ற பத்திரம் இரண்டையுமே எடுங்கள். புது ஊரில் நிலம் வாங்கும்போது "ஒஹாயோவில் இன்ன கவுண்டியைச் சேர்ந்த இன்னார்" என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய ஊரில் விற்ற பத்திரத்தில் மனைவியும் தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார், வேறெங்கும் கிடைக்காத அவர் பெயர் அங்கே கிடைக்கும். கவுண்டி எல்லைகள் அடிக்கடி மாறின. புதுக் கவுண்டி பிரிந்தாலும் பழைய பதிவேடு பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். எந்த வருடம் எல்லை எப்படி இருந்தது என்பதற்கு நியூபெரி நூலகத்தின் இணைய வரைபடம் இருக்கிறது.

ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும், சொல்லிவிடுகிறேன். கிழக்கு அயோவாவின் மூலப்பத்திரத்தைத் தேடிப் போனால் அரசிடம் முடியும். அதற்கு முந்தைய சொந்தக்காரர்களான சாக், மெஸ்க்வாக்கி பூர்வகுடி மக்களிடமிருந்து 1832 போருக்குப் பிறகு ஒப்பந்தம் போட்டு எடுத்த நிலம் அது, 1833 ஜூனில் குடியேறத் திறந்துவிட்டார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது.

இத்தனைக்கும் பிறகு முட்டுச்சந்து என்றால், உங்கள் ஆளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் யாரும் தனியாக வண்டி கட்டவில்லை. மச்சான், பங்காளி, ஒரே சர்ச்சுக்குப் போனவர்கள் என்று கூட்டமாகத்தான் நகர்ந்தார்கள். கணக்கெடுப்புத் தாளில் மேலே பத்து வீடு, கீழே பத்து வீடு குறித்துக்கொள்ளுங்கள், அபூர்வமான பெயராகப் பார்த்து முந்தைய மாநிலத்தில் தேடுங்கள். மருமகள் வீட்டுப் பெயர் ஒஹாயோவில் எத்தனையோ கவுண்டிகளில் இருந்தது. அயோவாவில் மூன்று வீடு தள்ளி இருந்தவரின் பெயரோ ஒரே ஒரு கவுண்டியில்தான் இருந்தது. அந்தக் கவுண்டியின் பத்திரப் பதிவேட்டைத் திறந்தால், மருமகளின் முப்பாட்டனார் நிலத்தை விற்றது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் அண்ணனுக்கு.