49 வயது அண்ணனை எப்போது இறக்குவது?

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் அருகே உள்ள கெம்ப்டன் பார்க் ஐஸ் தளத்தில் எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் பெஞ்சைப் பார்த்துக்கொள்பவன் நான்; யார் எப்போது இறங்குவது, எப்போது திரும்புவது என்பது என் பொறுப்பு. கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் பள்ளிக்கூட நோட்டு. என் தலைவலி ஒரே ஆள்தான்: லெனேசியாவிலிருந்து வரும் 49 வயது ஃபார்வர்டு, அதாவது முன்கள ஆட்டக்காரர். பக்கை, அதாவது மட்டையால் அடிக்கும் அந்த ரப்பர் வட்டைக் கண்டுவிட்டால் பெஞ்சுக்குத் திரும்பும் எண்ணமே அவருக்கு வராது. உங்கள் அணியிலும் இப்படி ஒருவர் இருந்தால் படியுங்கள்.

மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஒருமுறை இறங்கினால் எத்தனை விநாடி நின்றார் என்று பாருங்கள். 60 நிமிட ஆட்டத்தில் 14 நிமிடம் ஆடினாலும் மூத்தவர் தாங்குவார். ஒரே மூச்சில் ஒன்றரை நிமிடம் நின்றாரென்றால் அடுத்த மூன்று ஷிஃப்டும், அதாவது அடுத்து மூன்று முறை இறங்குவதும் வீண். முழு வேகத்தில் சறுக்கும் காலுக்கு 45 விநாடியே அதிகம். எங்கள் ஊர் கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேலே இருப்பதால் மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும். டர்பனிலிருந்து ஆட வரும் இளவட்டங்களுக்கே பத்து நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிடுகிறது. அண்ணனுக்கு 35 விநாடி என்று வைத்திருக்கிறேன்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதியான இரண்டாம் பீரியடில் தனிக் கவனம் வேண்டும். அணிகள் பக்கம் மாறுவதால் நம் பெஞ்ச் நம் கோலிலிருந்து தள்ளிப் போய்விடும். கோலடியில் மாட்டிக்கொண்டவர் ஆள் மாற நெடுந்தூரம் வர வேண்டும். போன மாதம் அண்ணன் அப்படித்தான் மாட்டினார். முடியாத கட்டத்தில் பக்கைக் கண்மண் தெரியாமல் அடித்துத் தள்ளினார், ஐசிங்: நம் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிவிட்டது. ஐசிங் செய்த அணி ஆளை மாற்றக் கூடாது என்பது விதி. ஸ்டாப்வாட்ச் 1:52 காட்டியது. நடுவர் இருவருக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ் ஆஃப் வட்டத்தில் முழங்காலில் கையூன்றியபடி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். நான்கு விநாடியில் கோல் விழுந்தது. அன்றிலிருந்து இரண்டாம் பீரியடில், எதிரணிப் பக்கம் ஃபேஸ் ஆஃப் கிடைத்தால் மட்டுமே அவரை அனுப்புகிறேன்.

ஒன்றாக இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள் கொண்ட லைன்களில், முதல் லைனில் போடுவதுதான் மரியாதை என்று நினைக்காதீர்கள். இரு பக்கமும் 22 வயதுப் பையன்கள் பறப்பார்கள், இவர் பின்னால் தனியாக வந்துகொண்டிருப்பார். மூன்றாம் லைனில் நடுவில் போட்டு, பக்கத்தில் ஒரு வேகக்காரனை வையுங்கள். மூலை மூலையாகப் பக்கைத் துரத்துவது அவன் பாடு. ஃபேஸ் ஆஃப் அண்ணனுடையது. மட்டையின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்து, நடுவரின் விரல்களை மட்டும் பார்ப்பார். எதிராளி அசைவதற்குள் பக் பின்னால் போயிருக்கும். அதற்கு மணிக்கட்டு போதும், கால் வேண்டாம். எதிரணியில் ஒருவர் பெனால்டியில் வெளியே உட்கார்ந்திருக்கும் பவர் பிளேயில் இரண்டு நிமிடமும் வேண்டாம். முதல் 50 விநாடி எதிரணி கோல்கீப்பரின் கண்ணை மறைத்து நிற்கட்டும். அந்தத் தொப்பைக்கு அங்கே வேலை இருக்கிறது. நம் ஆள் பெனால்டியில் உட்கார்ந்திருந்தால் முதல் ஃபேஸ் ஆஃபுக்கு மட்டும் அனுப்பி, உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே, தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பையன்கள் முன்னால் சொன்னால் முகம் சுண்டிப்போகும். நான் சொன்னபோது, "தம்பி, கோர்டி ஹோ 52 வயது வரை ஆடினார், தெரியுமா?" என்றார். தெரியும், அந்தக் கனடாக்காரர் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கில் 1979-80 பருவத்தில் 80 ஆட்டங்களிலும் இறங்கி 15 கோல் போட்டார். "அண்ணா, மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கடை திறக்க வேண்டியதில்லையே" என்றேன். சிரித்துவிட்டு 35-க்கு ஒப்புக்கொண்டார். தைப்பூசத்துக்கு முன் காவடி விரதம் இருக்கும் நாட்களில் 25. அந்த நாட்களில் ஆடவே வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

ஹெல்மெட்டுக்குள் குரல் சரியாகக் கேட்காது என்பதால் பெஞ்ச் கதவில் மட்டையால் இரண்டு தட்டு தட்டுவது எங்கள் அடையாளம். முதல் தடவைக்கு அண்ணன் வரமாட்டார். அதனால் 28-ஆவது விநாடியிலேயே தட்டத் தொடங்கிவிடுகிறேன்.