காருக்குப் பதில் இ-சைக்கிள்: கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

காய்கறிக்கடை, டியூஷன், ரயில் நிலையம் என்று ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிகிற வேலைக்குத்தான் கார் எடுக்கிறீர்கள் என்றால் இ-சைக்கிளே (பேட்டரியில் ஓடும் சைக்கிள்) போதும். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, அப்படியே நம்பாதீர்கள், பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் நீங்களே பெருக்குங்கள்: 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர், அதுதான் பேட்டரியில் நிற்கும் மின்சாரம், மிதிக்காமல் கைப்பிடி த்ராட்டிலிலேயே (ஸ்கூட்டர் ஆக்சிலரேட்டர் மாதிரி) போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 வாட்-அவர் செலவாகும், ஆக 24 கிலோமீட்டர், எதிர்காற்றும் மேம்பாலமும் வந்தால் அதுவும் குறையும். மாடி வீடா? கழற்றி எடுத்துப்போகிற பேட்டரிதான் சரி.

250 வாட்டுக்குள் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம் இருக்கிற சைக்கிளுக்கு லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். "வேக லாக்கை எடுத்துத் தரேன் சார்" என்று, அதாவது அந்த வேக வரம்பை நீக்கித் தருவதாக, கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள், அப்புறம் அந்த விலக்கு செல்லாது.

பலரும் கேட்க மறப்பது பஞ்சர். பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் வயர் கனெக்டரைக் கழற்றி, இரண்டு பக்க நட்டையும் தளர்த்தினால்தான் சக்கரம் வெளியே வரும், தெருமுனைப் பஞ்சர் கடையில் கொஞ்சம் தயங்குவார்கள். கனெக்டர் கைக்கு எட்டுகிறதா என்று வாங்கும்போதே குனிந்து பாருங்கள். மட்கார்டும் கேரியரும் விலையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் மழைக்கும் மளிகைச் சாமானுக்கும் திரும்பக் காரைத்தான் எடுப்பீர்கள்.